மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலை

தனகோட்டியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். "சாப்பாட்டு விசயம் வருமா மேடம்?" என்று கேட்டார். வரும் என்றேன். "அப்ப எழுதாதீங்க" என்றார். நான் எழுதுகிறேன்.

செஞ்சியில் நான் வணிகவியல் நடத்தும் கல்லூரியில் அவர் மார்க்கர். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, விளையாட்டு நேரத்தில் மாடு உள்ளே வந்தால் துரத்துவது, இவையெல்லாம் மார்க்கர் வேலை. நூல் பிடிக்காமலே கோடு போடுவார். ஆள் கொஞ்சம் வளைந்திருப்பார், கோடு நேராக இருக்கும். விளையாட்டு இயக்குநர் பதவி நாலு வருஷமாகக் காலியாகவே கிடந்ததால், கபடி அணிக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர் தலையில் விழுந்தது. பத்தாவதோடு படிப்பை விட்டவர், எம்.ஏ. பையன்களைக் காலைப் பிடித்து இழுத்து மண்ணில் உருட்டுவார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

எனக்கும் கபடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒருநாள் ஆசிரியர் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன். அதற்குள் நல்ல பொறுப்புகளையெல்லாம் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்தது கபடி அணி மேலாளர். "அமலா மேடத்துக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று முதல்வர் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுதிக்கொண்டார்.

எங்கள் அணியின் சரித்திரம் சின்னது. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சீசனிலும் முதல் சுற்றில் தோற்று, மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடும். கல்லூரியில் கேரம் ஆடுகிறவர்கள்கூடக் கோப்பை வாங்கி வந்திருக்கிறார்கள். கபடிக்கு இல்லை. 2023இல் தனகோட்டிக்கு ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது நடந்துகொண்டிருந்தது. அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியவர். ஜூலை மாதம் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"ஒரு கப்பு மேடம். ஒண்ணே ஒண்ணு. இந்த வருசம் வரும்."

"எல்லா வருஷமும் இதைத்தானே சொல்லியிருப்பீங்க?"

"இல்ல மேடம். இதுவரைக்கும் சொன்னதில்ல" என்றார்.

அவருடைய நம்பிக்கைக்குக் காரணம் நெடுமாறன். சிங்கவரத்துப் பையன், எம்.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம், தோள்வரை முடி. லெஃப்ட் கார்னரில் நிற்பான். எதிரணியிலிருந்து பாடிக்கொண்டு வருகிறவனின் கணுக்கால் இவன் கைக்குள் போனால், திரும்ப வருவது நடுவர் விசில் அடித்த பிறகுதான். எடை எண்பத்து மூன்று. கல்லூரிக் கபடியில் எண்பத்தைந்துக்கு மேல் ஒரு பொட்டு கூடினாலும் களத்தில் இறங்க முடியாது. எங்கள் பல்கலைக்கழகப் போட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் எடை பார்ப்பார்கள். இரண்டு கிலோ இடைவெளி இருக்கிறது, பயமில்லை என்று நாங்கள் இருந்தோம்.

ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. இந்த ஆவணியை விட்டால் மூன்று வருஷம் யோகமில்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். பெண் அனந்தபுரத்து ஜெயசுதா, பி.எட். முடித்தவள். நல்ல பெண். குறை அவளிடம் இல்லை, அவள் சொந்தக்காரர்களிடம் இருந்தது. பெரியப்பா மூன்று, சித்தப்பா இரண்டு, தாய்மாமன் நான்கு. ஒவ்வொரு வீட்டிலும் புது மாப்பிள்ளைக்கு விருந்து வைக்க வேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டு ஒரு வீட்டை விட்டால் பேச்சு நின்றுவிடும். சாப்பிட உட்கார்ந்து குறைவாகச் சாப்பிட்டாலோ, பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று ஊரே ஆராயும்.

புரட்டாசி எங்களைக் காப்பாற்றியது. சிங்கவரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அந்த மாதம் முழுக்கப் பெருமாளுக்கு விட்டுவிட்டு யாரும் கறி தொடுவதில்லை. கறியில்லாத விருந்தை மாமனார் வீட்டார் விருந்தாகக் கணக்கிடுவதில்லை. அந்த முப்பது நாளில் நாங்கள் இரண்டு சுற்று ஜெயித்தோம். முதல் சுற்று ஜெயித்த அன்று, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பையன்கள் மைதானத்திலேயே நின்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

ஐப்பசி பிறந்தது. ஒன்பது வீட்டிலும் ஆட்டுக்கறிக்குச் சொல்லிவிட்டார்கள்.

"நான் கூடப் போறேன்" என்றார் தனகோட்டி.

"எதுக்கு?"

"சாப்பிடத்தான் மேடம்."

அவர் எடை ஐம்பத்தொன்று. ஆனால் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டிவரும் என்று கல்லூரியில் பெயர் வாங்கியவர். எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. நான் தயிர்சாதத்துக்கே ஊதிவிடுகிறவள், எனக்கு அந்த விஷயத்தில் அவர்மேல் தீராத வயிற்றெரிச்சல் உண்டு.

பெரியப்பா வீட்டில் முதல் விருந்து. "போட்டி முடியுற வரைக்கும் கோச்சு கூடவே இருக்கணும்னு ரூலு" என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டு உள்ளே நுழைந்திருக்கிறார். மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்தார்கள். திட்டம் இதுதான்: ஜெயசுதா இருமினால் பரிமாறுகிறவர்கள் முதுகைக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் நெடுமாறன் இலையில் இருக்கும் கறி இவர் இலைக்கு வந்துவிடும். எச்சில் என்ன, பத்து என்ன, அதையெல்லாம் பார்க்கிற நிலையில் அணி இல்லை.

திட்டம் அன்றைக்கே கவிழ்ந்தது. மாப்பிள்ளை இலை காலியாக இருப்பதைப் பார்த்த பெரியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாரு, எவ்ளோ ஆசையா சாப்புடறாரு!" என்று மறுபடி கொண்டுவந்து கொட்டினாள். இவர் காலிசெய்யக் காலிசெய்ய அவள் கொட்டினாள். ஜெயசுதா இருமி இருமி, அவளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். கடைசியில் நெடுமாறன் ஒரு ஆள் சாப்பாடும், தனகோட்டி மூன்று ஆள் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அரைமணி நேரம் இருவராலும் பேச முடியவில்லையாம்.

இரண்டாவது வீட்டுக்குள் பாடம் கற்றுக்கொண்டார்கள். மாப்பிள்ளை இலையில் எப்போதும் பாதி சோறு இருக்க வேண்டும், வாய் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். மறுபடி வைக்கிற கறி மட்டும் இடம் மாறும். கை போவதும் வருவதும் தெரியக் கூடாது. இதை மைதானத்தில் நான் இல்லாத நேரம் பார்த்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். கபடிப் பயிற்சி என்று நினைத்து நானும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாலாவது வீட்டுக்குள் தனகோட்டியின் புகழ் பரவிவிட்டது. "கோச் சாரு வர்றாரு, ரெண்டு கிலோ சேத்து வாங்கு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் அவரை முதல்வர் முதல் முதலாண்டு மாணவன் வரை 'மார்க்கர்' என்றுதான் கூப்பிடுவோம். அனந்தபுரத்தில் அவர் 'சார்'. ஐந்தாவது விருந்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். அவர் வீட்டில் மட்டும், எட்டு நாளாக மனுஷன் ராத்திரி சோறு வேண்டாம் என்கிறார், வெளியே என்ன சங்கதி என்று விசாரணை நடந்ததாகக் கேள்வி.

ஒன்பது விருந்தும் முடிந்தது. நெடுமாறன் எடை எண்பத்து நாலே கால். அரை இறுதியில் எதிரணியின் பெரிய ரைடரை ஆறு தடவை மண்ணைக் கவ்வவைத்தான். இறுதிப் போட்டி, தீபாவளி முடிந்த வியாழக்கிழமை, விழுப்புரத்தில்.

தீபாவளி என்று சொன்னேனே, அதுதான் அவனுக்குத் தலை தீபாவளி. மாமியார் சுந்தராம்பாளுக்கு ஒரே பெண். தனகோட்டி இஸ்திரி போட்ட சட்டையோடு பேருந்து ஏறி நேரில் கேட்கப் போனார். அந்தம்மா வாசலிலேயே முடித்துவிட்டாள்.

"தல தீவாளிக்கு மாப்ள பொண்டாட்டியோட வரணும் சார். கோச்சோட வரக் கூடாது."

ஒருவன் தனியாக மாட்டிக்கொண்டால் அவன் கதி என்ன என்று கபடி தெரிந்த எவருக்கும் தெரியும். சனிக்கிழமை போனவன் செவ்வாய்க்கிழமை காலை வந்தான். முகம் மினுமினுவென்று இருந்தது. மைதானத்து எடை இயந்திரத்தில் ஏறினான். எண்பத்தெட்டு இருநூறு. தனகோட்டி இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார், தான் ஏறிப் பார்த்தார், இறங்கினார்.

"அத்த மடியில கை வெச்சிக்கினு எதிர்லயே ஒக்காந்துட்டாங்கண்ணே" என்றான் நெடுமாறன். "நான் இன்னா பண்றது? அதிரசத்துல நெய் வுட்டு ஊட்டியே வுட்டுட்டாங்க."

அன்று மதியத்திலிருந்து செஞ்சி மலைமேல் இருக்கும் ராஜகிரிக் கோட்டைதான். ரெயின்கோட்டை மாட்டிவிட்டு அவனை உச்சிவரை ஏற்றி இறக்கினார். கீழே நுழைவுச் சீட்டு கிழிக்கிற ஆள், வெயிலில் ரெயின்கோட்டோடு ஒருத்தன் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, மேலே ஏதோ புதையல் எடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு ஒருமுறை பின்னாலேயே ஏறினான். பாதி வழியில் அவனே உட்கார்ந்துவிட்டான். குரங்குகள் மட்டும் கடைசிவரை துணைக்குப் போயின. புதன்கிழமை சாயங்காலம் எண்பத்தாறு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் ஒரு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துப் படுக்கவைத்தார்.

வியாழன் காலை விழுப்புரம். எடை பார்ப்பது ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள். எட்டே முக்காலுக்கு, மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, எச்சில் துப்பவைத்து, இன்னும் என்னென்னவோ செய்யவைத்து, கடைசி முறையாக அறைக்குள் அழைத்துப் போனார்கள். கடைசியில் துண்டையும் எடுத்துவிட்டதால் என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். உள்ளிருந்து எண்தான் கேட்டது.

"எண்பத்தஞ்சு புள்ளி ஒண்ணு."

நூறு கிராம். இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. உருவுவதற்கு உடம்பில் நூல் கிடையாது. மாற்று ஆட்டக்காரன் பிரசாந்த்துதான் யோசனையைச் சொன்னான். "அண்ணே, முடி! முடிய எடுத்தா நூறு கிராம் வந்துடும்ணே!" அணியில் யாரிடமோ டிரிம்மர் இருந்தது. எல்லோரும் கூச்சலிட்டார்கள். நானும் வெளியிலிருந்து, "எடுங்க, எடுங்க" என்று கதவைத் தட்டினேன்.

கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு நெடுமாறன் நின்றான். தனகோட்டி கையில் டிரிம்மர்.

"முடி எடுக்கக் கூடாது மேடம்" என்றான் என்னிடம். அழுகிற மாதிரி இருந்தது குரல். "ஜெயா முழுகாம இருக்கு. காலைலதான் போன் பண்ணிச்சி."

மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் தலைமுடி எடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் படித்தவர்கள்கூட மீறாத வழக்கம் அது. எனக்கு வந்ததே கோபம்! நான் கிறிஸ்தவச்சி, வேளாங்கண்ணியில் மொட்டை போடுகிற கூட்டம். முடிக்கும் பிள்ளைக்கும் என்னடா சம்பந்தம், நீ எம்.ஏ. படிக்கிறவன்தானே என்று கத்தினேன். பையன்கள் ஜெயசுதாவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்கம்மா போட்ட அதிரசத்துக்கு எம் புள்ள இன்னா பண்ணும்? அடிச்சிக்கினு ஆடு மாமா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லல, நீங்க யாரும் சொல்லிடாதீங்க."

நெடுமாறன் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தான். எட்டு நிமிஷம் இருந்தது. தனகோட்டி டிரிம்மரை அணைத்தார்.

"வேணாம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அந்தக் கோப்பைக்காக ஒன்பது வீட்டில் எச்சில் இலைக் கறி சாப்பிட்டவர். இன்னும் ஐந்தாறு மாதத்தில் வேலையை விட்டுப் போகிறவர். "இன்னா வேணாம்?" என்று நானே அவர் பாஷையில் கேட்டேன்.

"மேடம், எங்க வூட்ல மொதல்ல உண்டாயிருந்தப்போ நான் சேக்காளிங்களோட திருப்பதி போயி மொட்ட அடிச்சிக்கினு வந்தேன். பெரியவங்க சொன்னாங்க, கேக்கல. ஏழாம் மாசம், கொழந்த தங்கல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டரு சொன்னாரு. எனக்கும் தெரியும். எங்க வூட்லயும் இதுவரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல. ஆனா முப்பது வருசமா நான் சலூனுக்குப் போயிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் அவ என் தலையப் பாப்பா. அவ்ளோதான். பாப்பா."

டிரிம்மரைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவனுக்கு ஒண்ணும் ஆவாது மேடம். புள்ள நல்லாதான் பொறக்கும். ஆனா ஒருவேள ஏதாவது ஆச்சின்னா, ஒரு கப்புக்காகப் பண்ணிட்டமேன்னு ஆயுசுக்கும் நெனைப்பான். அந்தக் கப்பு எனக்கு வேணாம்."

பிரசாந்த் தோளில் கையை வைத்து, "லெஃப்ட் கார்னர் நீ" என்றார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிரசாந்த் பத்தொன்பது வயசுப் பையன், உயிரைக் கொடுத்து ஆடினான். நெடுமாறன் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினான். கடைசி நிமிஷம்வரை முப்பத்தொன்று, முப்பத்தொன்று. எதிரணியின் கடைசி ரைடு. வந்தவன் கணுக்கால் பிரசாந்த் கைக்குள் அகப்பட்டது, வழுக்கியது. இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டான். இரண்டாம் இடத்துக்குக் கோப்பை கிடையாது. ஆட்டக்காரர்களுக்குச் சான்றிதழ் மட்டும்.

பரிசளிப்பு முடிகிற நேரத்துக்கு, பெரிய அடுக்குக் கேரியரோடு சுந்தராம்பாள் வந்து இறங்கினாள். மாப்பிள்ளை ஆடுவதைப் பார்க்க அனந்தபுரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறாள். மாப்பிள்ளை ஆடவே இல்லை என்றதும் கேரியரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன் ஆடல? எட அதிகமாயிடுச்சின்னு யாரோ சொன்னாங்களே? எவ்ளோ அதிகம்?"

நெடுமாறன் தரையைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன், அவ்வளவு எரிச்சல் எனக்கு. தனகோட்டி முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. மெசினு ரிப்பேரு. தப்பா காட்டிடுச்சி."

அந்தம்மாவுக்கு நிம்மதி வந்தது. நிம்மதிக்குப் பின்னாலேயே ஆவேசமும் வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவர்கள் மேஜையை நோக்கி நடந்தாள். "யார்ரா எம் மாப்ளைக்கு ஓட்ட மெசின வெச்சது?" என்ற குரலில் மைக்கே ஒருமுறை கிறீச்சிட்டது. பல்கலைக்கழகத்து ஆட்கள் மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் புகார் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷம் எங்கள் கல்லூரி தலைகாட்ட முடியாது. தனகோட்டி ஓடிப் போய்க் குறுக்கே நின்றார். அவள் ஒதுங்கிப் போகப் பார்த்தாள், இவரும் ஒதுங்கினார். அன்றைக்கு எங்கள் தரப்பில் நடந்த நல்ல தடுப்பாட்டம் அதுதான். ஆனாலும் அவள் விடுவதாக இல்லை. வேறு வழியில்லாமல் அவர் ரகசியத்தைப் போட்டு உடைத்தார்.

"யம்மா! நீங்க ஆயா ஆவப் போறீங்கம்மா!"

சுந்தராம்பாள் நின்றாள். திரும்பி மருமகனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். மெஷின், நடுவர், பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வந்து கேரியரைத் திறந்தாள். தோற்ற அணி, ஜெயித்த அணி, நடுவர்கள் என்று எல்லாருக்கும் இனிப்புப் போட்டாள். நெடுமாறனுக்கு நாலு அதிரசம். இப்போது யாரும் தடுக்கவில்லை.

சாயங்காலம் செஞ்சிப் பேருந்தில் நெடுமாறன் தனகோட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் முன் சீட்டில் இருந்தேன், ஒட்டுக்கேட்டேன்.

"என்னாலதான்ணே போச்சி. உங்க கடைசி வருசம்."

"உன்னால இல்லடா, உங்க மாமியாராலதான். அத அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

பிறகு பையன், "குளிர்ல சளி புடிக்கும்ணே, நுனிய மட்டும் லேசா வெட்டிக்கட்டா?" என்றான். வேண்டுமென்றே சீண்டுகிறான் என்று எனக்கே தெரிந்தது.

"கத்திரியத் தொட்டே, கால ஒடிச்சிடுவேன்" என்றார் தனகோட்டி. பேருந்தே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. கோப்பைக்கா, அந்த ஏழாம் மாசத்துக்கா, நான் கேட்கவில்லை. சாப்பாட்டு விஷயத்தை எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். இதை எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.